‘பால் போதவில்லை’ என்ற பேச்சும், அதை எதிர்த்த சங்கங்களும்

எங்கள் நாக்பூர் கிளை அங்கத்தினர் ஒருவர் அகத்தில் அண்மையில் வளைகாப்பும் சீமந்தமும் சேர்த்து நடந்தது. நானும் என் அகத்துக்காரியும் போயிருந்தோம். புடவை, வெள்ளிக் கிண்ணம் இவற்றுக்கு நடுவே ஒரு பெரிய பெட்டியும் பரிசாக வந்திருந்தது. ஆறு பால்புட்டிகள், ரப்பர் காம்புகள், அவற்றைக் கொதிக்க வைக்க ஒரு மின்சாரப் பாத்திரம். கூடியிருந்த எல்லோரும் அதைத்தான் கையில் எடுத்து வியந்து பார்த்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் மனைவி சொன்னாள்: “இன்னும் கொழந்தையே பொறக்கலே. அதுக்குள்ள இவளுக்குப் பால் போறாதுன்னு முடிவு கட்டிட்டாளே!”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1979-ல் டில்லியில் எங்கள் பையன் பிறந்தான். நான் அப்போது மத்திய அரசில் சிறிய அதிகாரி. தனியார் பிரசவ விடுதி ஒன்றில் சேர்த்திருந்தோம். (பெயர் வேண்டாம், அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது.) பிறந்த குழந்தையைத் தாயிடம் விடமாட்டார்கள். கண்ணாடி போட்ட தனி அறையில் வரிசையாகத் தொட்டில்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மணி அடித்தாற்போல் கொண்டுவந்து கொடுப்பார்கள். பத்து நிமிஷத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடுவில் குழந்தை அழுதால் புட்டியில் பவுடர் பால். மூன்றாம் நாள் நர்ஸ் அம்மாள் வந்து, “இவங்களுக்குப் பால் போதவில்லை, டின் வாங்கி வைத்துவிடுங்கள்” என்றார். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், “அதெல்லாம் வரும் மாப்ளே, கொழந்தைய அவ பக்கத்திலயே போடச் சொல்லுங்கோ” என்றார். நான் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவன். டப்பாவின் மேல் அச்சிட்டிருந்த புரதம், கொழுப்பு, வைட்டமின் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மாமியார் பதில் பேசவில்லை.

அந்த நாட்களில் பவுடர் டின் கிடைப்பதே அரிது. ஆபீஸ் நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு க்யூவில் நின்று வாங்கி வருவேன். அதில் எனக்குப் பெருமை வேறு. நாலாம் மாதம் பையனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, கண் குழி விழுந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, பிழைத்தான். இன்றைக்கு அவனுக்கு வயது நாற்பதுக்கு மேல், சௌக்கியமாக இருக்கிறான். ஆனால் ‘எனக்குப் பால் போறலே’ என்ற வருத்தம் அவன் தாயாருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு வாக்கியம் எங்கிருந்து வந்தது, அதைப் பொய் என்று சொல்ல யார் யார் கூடினார்கள் என்று ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் விஞ்ஞானம். குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உற்பத்தி செய்கிறது. ஆக்ஸிடோஸின் என்ற ஹார்மோன் அதை வெளியே தள்ளுகிறது. எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும். தேங்கினால் ஊறுவது குறையும். கிணற்றை இறைக்க இறைக்கத்தானே ஊற்று! தாயையும் குழந்தையையும் பிரித்து வைத்து, நடுவில் புட்டியால் பசியை ஆற்றிவிட்டால், குழந்தை சப்புவது குறையும், பால் வற்றும். பிறகு ‘பார்த்தீர்களா, போதவில்லை’ என்பார்கள். கவலையும் வலியும் ஆக்ஸிடோஸினைத் தடுக்கும் என்பது இன்னொரு சங்கதி. எங்கள் விடுதியில் நடந்தது இதுதான். என் வேதியியல் பாடத்தில் டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, தாய்ப்பாலில் இருந்து டப்பாவில் இல்லாதது எது என்று சொல்லித் தரவில்லை. சீம்பாலில் நிறைந்திருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்களை எந்தத் தொழிற்சாலையாலும் டப்பாவில் அடைக்க முடியவில்லை.

பாட்டி காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சீம்பாலையே ‘கெட்ட பால்’ என்று பீச்சிக் கொட்டியது நம் பாட்டிமார்களும்தான். சர்க்கரைத் தண்ணீர், சேனை வைப்பது எல்லாம் உண்டு. ஜாதகர்மத்தில் தேனும் நெய்யும் பொன்னில் உரைத்துக் குழந்தையின் நாவில் வைப்பது கிருஹ்ய சூத்திரங்களில் சொல்லியிருப்பது. இப்போது பெரும்பாலும் பதினோராம் நாள் நாமகரணத்தோடு சேர்த்துச் செய்கிறோம். குழந்தை வைத்தியர்கள் ஆறு மாதம் வரை தேன் உள்பட எதுவுமே கூடாது என்கிறார்கள். ஆனால் ஒன்று. பாட்டிமார்கள் எவ்வளவு தப்பு செய்திருந்தாலும், பெற்றவளிடம் ‘உனக்குப் பால் வராது’ என்று சொன்னதில்லை.

அதைச் சொன்னது வியாபாரம். ஸ்விட்சர்லாந்தின் வெவே நகரில் 1867-ல் ஹென்றி நெஸ்லே பால்மாவு விற்க ஆரம்பித்தார். தாய் இல்லாத குழந்தைகளுக்கு அது உயிர் காத்த பொருள் என்பதை மறுக்கக்கூடாது. 1906-ல் நியூஸிலாந்து பால் பவுடருக்கு ‘கிளாக்ஸோ’ என்ற பெயர் பதிவாயிற்று. பின்னாளில் பெரிய மருந்துக் கம்பெனியான கிளாக்ஸோவின் தொடக்கம் குழந்தைப் பால் டப்பாதான். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையை நம் அம்மாக்கள் ‘கிளாக்ஸோ பேபி’ என்று கொஞ்சினார்கள். பிறகு அது ‘அமுல் பேபி’ ஆயிற்று. நம் பாஷையில் ஒரு குழந்தையை மெச்சுவதற்கே டப்பாவின் பெயர்தான் கிடைத்தது!

அமுல் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று மேல்நாட்டு நிபுணர்கள் சொன்னபோது, ஆனந்தில் ஹெச்.எம். தலாயா செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று பண்டித நேரு அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். பிறகு மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சியால் எருமைப்பாலிலிருந்து குழந்தை உணவும் வந்தது. அந்நியச் செலாவணி மிச்சம், சுதேசி வெற்றி. எங்கள் தலைமுறை அதைக் கொண்டாடியது நியாயமே. தேசபக்தியோடு டப்பா வாங்கினோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழைகள் வீட்டில் டப்பா நுழைவதற்கு முன்னால் நம்மைப் போன்ற படித்த, சம்பளக்கார வீடுகளில்தான் நுழைந்தது. எங்களைப் பார்த்துத்தான் மற்றவர்களும் அதை நாகரிகம் என்று நினைத்தார்கள்.

எதிர்ப்புக் குரல் முதலில் ஒரு டாக்டரம்மாளிடமிருந்து வந்தது. சிஸிலி வில்லியம்ஸ் ஜமைக்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் (இன்றைய கானா) வேலை பார்த்தபோது, புரதக் குறைவால் வரும் க்வாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். பிறகு சிங்கப்பூருக்கு மாற்றலாகி வந்தார். அங்கே இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தைகளுக்கு நல்லதென்று விற்றுக்கொண்டிருந்தார்கள். 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசினார். பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. தப்பான பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் மரணத்தைக் கொலை என்றே கருத வேண்டும் என்று, பெரிய மனிதர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்திருந்த அந்தச் சபையிலேயே சொன்னார். யுத்த காலத்தில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு, பிழைத்து வந்து, உலக சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். அவர் தனி ஆள். சங்கம் எதுவும் அமைக்கவில்லை.

சங்கம் என்று ஆரம்பித்தது அமெரிக்காவில், அதுவும் சாதாரண இல்லத்தரசிகள். 1956-ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் ஒரு பிக்னிக். மேரி ஒயிட், மேரியன் டாம்ஸன் என்ற இரண்டு தாய்மார்கள் மரத்தடியில் உட்கார்ந்து தத்தம் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்த மற்றப் பெண்கள், “நாங்களும் ஆசைப்பட்டோம், எங்களுக்குப் பால் வரவில்லையே” என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்களாம். பார்த்தீர்களா, டில்லியில் என் மனைவி கேட்ட அதே வாக்கியம்! அந்தக் காலத்து அமெரிக்காவில் ஐந்து குழந்தைகளில் ஒன்றுதான் தாய்ப்பால் குடித்தது என்று சொல்வார்கள். சொல்லிக் கொடுக்க மூத்தவர்கள் இல்லை. அந்த மூத்தவர்களே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவர்கள். அதே 1956 அக்டோபரில் ஃப்ராங்ளின் பார்க்கில் மேரி ஒயிட் வீட்டுக் கூடத்தில் முதல் கூட்டம். நிறுவியவர்கள் ஏழு பெண்கள். ‘மார்பு’ என்ற சொல்லைப் பத்திரிகையில் போடவே கூசிய காலம் என்பதால், ஃப்ளோரிடாவில் உள்ள மேரி மாதா கோயில் ஒன்றின் ஸ்பானிஷ் பெயரிலிருந்து ‘லா லெச்சே’ (பால்) என்ற சொல்லை எடுத்து ‘லா லெச்சே லீக்’ என்று வைத்தார்கள்.

அவர்கள் செய்தது பெரிய விஞ்ஞானம் அல்ல. பால் கொடுத்துப் பழகிய ஒரு தாய், புதிதாகப் பெற்றவளின் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையை எப்படிப் பிடிப்பது, காம்பை மட்டும் அல்லாமல் கருவட்டத்தோடு வாய் வைக்கச் செய்வது எப்படி, பால் கட்டினால் என்ன செய்வது என்று காட்டினாள். ராத்திரி இரண்டு மணிக்கு டெலிபோன் செய்தாலும் பதில் சொன்னாள். என் மாமியார் டில்லிக்கு வந்து செய்ய நினைத்ததும், நான் செய்யவிடாமல் தடுத்ததும் இதைத்தான். 1964-ல் ஆஸ்திரேலியாவில் மேரி பேட்டன், 1968-ல் நார்வேயில் எலிஸபெட் ஹெல்ஸிங் என்று இதே மாதிரி தாய்மார் சங்கங்கள் கிளம்பின.

ஏழை நாடுகளில் பிரச்னை வேறு. அங்கே புட்டியில் பவுடர் கரைக்கிற தண்ணீரே விஷம். டப்பா விலை கட்டுப்படியாகாமல் ஒரு வாரத்துக்கானதை மூன்று வாரம் நீட்டிக் கரைப்பார்கள். குழந்தை வயிற்றுப்போக்கிலும் பசியிலும் சாகும். 1974-ல் மைக் முல்லர் என்ற பத்திரிகையாளர் எழுத, லண்டனில் ‘வார் ஆன் வான்ட்’ என்ற அமைப்பு ‘தி பேபி கில்லர்’ என்ற சிறு பிரசுரம் வெளியிட்டது. கம்பெனிகள் விற்பனைப் பெண்களுக்கு நர்ஸ் உடை மாட்டிப் பிரசவ வார்டுகளுக்கு அனுப்பியதை அது விவரித்தது. ஸ்விட்சர்லாந்தில் ஒரு குழு அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தலைப்பை ‘நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது’ என்று மாற்றிவிட்டது. கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. 1976-ல் பெர்ன் நீதிபதி, அந்தத் தலைப்பு அவதூறுதான் என்று ஆளுக்கு 300 ஃப்ராங்க் அபராதம் விதித்தார். அதே தீர்ப்பில் கம்பெனியும் தன் விளம்பர முறைகளை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். இரண்டும் சரியான தீர்ப்பு என்பது என் அபிப்பிராயம். கொல்லும் எண்ணம் யாருக்கும் இருந்திராது. ஃபைலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு அதன் கடைசி முனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போவது எனக்குப் பழகிய விஷயம்.

1977 ஜூலையில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பகிஷ்காரம் துவங்கியது. நம் ஊர் அந்நியத் துணி பகிஷ்காரம் போலத்தான். அந்தக் கம்பெனியின் காபி, சாக்லேட் எதையும் வாங்குவதில்லை என்று சர்ச்சுகளும் மாணவர்களும் தீர்மானித்தார்கள். 1978-ல் எட்வர்ட் கென்னடி தலைமையில் செனட் விசாரணை. 1979 அக்டோபரில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனமும் யுனிஸெஃபும் கூட்டிய மாநாட்டில், முதல் தடவையாகக் கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் சமமாகத் தன்னார்வக் குழுக்களும் உட்கார்ந்தன. மாநாடு முடிந்த கையோடு ஆறு குழுக்கள் கூடி ‘இப்ஃபான்’ என்ற சர்வதேச வலையமைப்பைத் தொடங்கின. அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பினாங்கில் இருந்த நுகர்வோர் இயக்கத் தலைவர் அன்வர் ஃபஸால்.

1981 மே 21 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவையில் ஓட்டெடுப்பு. தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களுக்குப் பொதுமக்களிடம் விளம்பரம் கூடாது, இலவச சாம்பிள் கூடாது என்ற சர்வதேச நெறிமுறைக்கு 118 நாடுகள் ஆதரவு. மூன்று நாடுகள் நடுநிலை. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அமெரிக்க சர்வதேச உதவித் துறையில் மூத்த அதிகாரிகள் இருவர், ஸ்டீஃபன் ஜோஸஃப், யூஜீன் பாப் என்பவர்கள், இதைக் கண்டித்து வேலையை ராஜினாமா செய்தார்கள். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்த வரியைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் எதற்காகவும் ராஜினாமா செய்ததில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். அதே மே மாதம் அந்தப் பேரவையில் இந்திரா காந்தி அம்மையார் உரையாற்றினார். இந்தியா நெறிமுறையை ஆதரித்தது. 1983 டிசம்பரில் நமக்கென்று ஒரு தேசிய நெறிமுறை அறிவித்தார்கள். நெறிமுறை என்பது வேண்டுகோள்தான்; மீறினால் தண்டனை இல்லை. சட்டம் வர ஒன்பது வருஷம் ஆயிற்று.

இதற்கு நடுவில் பம்பாயில் ஒரு காரியம் நடந்தது. மாதுங்கா, சயான் வாசிகளுக்குச் சயான் ஆஸ்பத்திரி தெரியாமல் இருக்காது. அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் கிருமித் தொற்றால் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. பொறுப்பில் இருந்த டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ், பவுடர் பாலையும் புட்டியையும் நிறுத்திவிட்டு, தாய்மார்களைக் குழந்தைகளிடமே கொண்டுவந்து உட்கார வைத்தார். மரணங்கள் குறைந்தன. தாய்ப்பால் கிடைக்காத குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு என்ன செய்வது? மற்றத் தாய்மார்கள் தானமாகக் கொடுக்கும் பாலைப் பதப்படுத்தி வைத்துக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கியை 1989 நவம்பரில் அங்கே துவக்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதல். இப்படிக் கறந்தெடுத்த பாலைச் சிசுவுக்குப் புகட்ட, புட்டிக்குப் பதிலாக நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் ஒரு சிறு பாத்திரம் உண்டு. ஆங்கில வைத்தியப் பத்திரிகைகளிலும் அதன் பெயர் ‘பாலாடை’ என்றேதான் இருக்கிறது. நம் அகத்துப் பரணில் கிடக்கும் அதே பாலாடை.

1991-ல் உலக அளவில் ‘வாபா’ என்ற கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் தலைமையகம் பினாங்கு. ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தாய்ப்பால் வாரமாக 1992-லிருந்து கொண்டாடச் செய்தது இதுதான். 1991 டிசம்பர் 3 அன்று வார்தாவில் நம் நாட்டுக் குழந்தை வைத்தியர்களும் சமூக சேவகர்களும் கூடி, ‘பிபிஎன்ஐ’ எனப்படும் இந்தியத் தாய்ப்பால் ஊக்குவிப்பு வலையமைப்பை நிறுவினார்கள். டாக்டர் அருண் குப்தா அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர். நான் அப்போது இதே நாக்பூரில் வேலையில் இருந்தேன். வார்தா இங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர். அப்படி ஒரு கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது.

பிபிஎன்ஐ-யின் ஒரு கொள்கையை முக்கியமாகச் சொல்ல வேண்டும். குழந்தை உணவு, புட்டிக் கம்பெனிகளிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. வைத்தியர் சங்கங்களின் மாநாடுகளுக்கே அந்தக் கம்பெனிகள் விருந்து போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது சாமானிய முடிவல்ல.

1992-ன் 41-ஆவது சட்டம் 1993 ஆகஸ்ட் 1 முதல் அமலுக்கு வந்தது. குழந்தைப் பால் மாற்றுப் பொருள், பால்புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம். ஃபைல் பார்த்துப் பழகியவன் ஆகையால் முழுவதும் வாசித்தேன். பால் மாற்றுப் பொருளுக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது, சாம்பிள் கூடாது. டப்பாவின் மேல் குழந்தை படமோ பெண் படமோ கூடாது. தாய்ப்பாலுக்கு நிகராக ஆக்கியது என்ற அர்த்தம் தரும் வார்த்தைகள் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்தில் போட வேண்டும். ஆஸ்பத்திரிச் சுவரில் கம்பெனி போஸ்டர் கூடாது; டாக்டருக்கும் நர்ஸுக்கும் பரிசு கூடாது. மீறினால் மூன்று வருஷம் வரை சிறை. டப்பா விற்பனையை இந்தச் சட்டம் தடுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகள் இருக்கின்றன: தாயை இழந்தவை, தாய் கடுமையான வைத்தியத்தில் இருப்பவை. சிறு எண்ணிக்கைத் தாய்மார்களுக்கு நிஜமாகவே பால் குறைவதும் உண்டு. அவர்களை யாரும் குறை சொல்லக்கூடாது.

சட்டத்தில் என்னை வியக்க வைத்த பிரிவு 21. குற்றப் புகார் கொடுக்கும் அதிகாரம் அரசு அதிகாரிக்கு மட்டும் என்று எழுதுவதுதான் நம் வழக்கம். இங்கே அரசு அறிவிக்கும் தன்னார்வ அமைப்பின் பிரதிநிதியும் நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். பிபிஎன்ஐ, பம்பாயில் டாக்டர் ஆர்.கே. ஆனந்த் நடத்திய ‘அகாஷ்’ என்ற நுகர்வோர் அமைப்பு, மத்திய சமூக நல வாரியம், இந்தியக் குழந்தைகள் நலக் கவுன்சில் என்று நான்கு அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் தரப்பட்டது. அகாஷ் அதை அலமாரியில் வைக்கவில்லை. 1994-லேயே டில்லியில் நெஸ்லேயின் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனி சட்டத்தின் செல்லுபடியையே எதிர்த்து உயர் நீதிமன்றம் போயிற்று. வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. நம் கோர்ட் வேகம் தெரிந்ததுதானே. ஆனாலும் டப்பா லேபிள்களைக் கம்பெனிகள் பூதக்கண்ணாடி வைத்துச் சரி பார்க்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் நாலு மாதத்திலிருந்து திட உணவு என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். 2001-ல் உலக சுகாதாரப் பேரவை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று தீர்மானித்தது. 2003-ல் நம் சட்டத்தைத் திருத்தி, இரண்டு வயது வரைக்குமான குழந்தை உணவுக்கும் விளம்பரத் தடையை நீட்டினார்கள். உலகத்திலேயே கண்டிப்பான சட்டங்களில் ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். இன்றைக்கு டெலிவிஷனில் கோலா, சாக்லேட், பற்பசை எல்லாம் வருகிறது. குழந்தைப் பால் பவுடர் வருவதில்லை. அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? வராத ஒன்றை யார் கவனிப்பார்கள்!

பலன் என்ன? தேசியக் குடும்ப நல ஆய்வுக் கணக்குகள் கையில் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவை 2005-06-ல் 46.4 சதவீதம், 2015-16-ல் 54.9, 2019-21-ல் 63.7. நல்ல முன்னேற்றம். இன்னொரு கணக்கு அவ்வளவு நன்றாக இல்லை. ஆஸ்பத்திரியில் பிரசவம் 2005-06-ல் 38.7 சதவீதமாக இருந்தது, 2019-21-ல் 88.6. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 2015-16-ல் 41.6 சதவீதம், 2019-21-ல் 41.8. அசையவே இல்லை! பத்தில் ஒன்பது குழந்தைகள் டாக்டர், நர்ஸ் கண் எதிரில் பிறக்கின்றன; பாதிக்கு மேல் முதல் மணி நேரத்தில் மார்புக்கு வருவதில்லை. சிசேரியன் அதிகமானது ஒரு காரணம். தமிழ்நாட்டில் 2019-21-ல் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். சிசேரியன் ஆனாலும் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் பால் கொடுக்க முடியும் என்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

அரசாங்கமும் சில செய்திருக்கிறது. 2015 ஆகஸ்டில் தமிழக பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். 2016-ல் மத்திய அரசு ‘மா’ என்ற திட்டம் துவக்கியது. 2017-ல் பிரசவ விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம். நம் பெண்கள் பலர் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கம்பெனிகளில் இருக்கிறார்கள். அந்த ஆபீஸ்களில் காப்பகம் உண்டா, பாலைக் கறந்து வைக்க ஒரு மூடிய அறை உண்டா என்று அவரவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

2012-ல் புனேயில் எங்கள் பெண்ணுக்குப் பிரசவம். சிசேரியன். இரண்டாம் நாள் குழந்தை ஓயாமல் அழுதது. பெண், “அம்மா, எனக்குப் பால் போறலேம்மா” என்று விசும்பினாள். என் மனைவியின் முகம் வெளுத்துப் போயிற்று. நான் இந்தத் தடவை டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண், மராத்திக்காரி, வந்தாள். தலையணையை மாற்றி வைத்து, குழந்தையைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, ஒரு கணத்தில் மார்போடு சேர்த்தாள். அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் வயிறு இரண்டாம் நாளில் எவ்வளவு சின்னது, அதற்கு எத்தனை துளி போதும் என்று ஹிந்தியில் விளக்கினாள். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிற்று.

என் மனைவி அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, 1979-ல் நடந்ததையெல்லாம் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். தனி அறை, நாலு மணிக்கு ஒரு தடவை, புட்டி. அந்தப் பெண் முழுவதும் கேட்டுவிட்டு, “மாஜி, உங்களுக்குப் பால் இருந்தது. குழந்தையைத்தான் உங்களிடம் கொடுக்கவில்லை” என்றாள்.

மறுநாள் காலை என் மனைவி மாமியாரின் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றுகொண்டிருந்தாள். வளைகாப்பில் வந்த அந்தப் பெட்டியைப் பற்றி அந்த அகத்துப் பெண்ணிடம் பேச அடுத்த வாரம் போகப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். நானும் கூடப் போவதாக இருக்கிறேன். பேசுவதற்கு அல்ல, ஆட்டோவுக்குத் துணையாக.